மூணு கிலோ பிரஷர்

அது மணி காட்டுறது இல்லீங்க சார். நீங்க உங்க கைக்கடிகாரத்தைப் பாக்குறதும் அதைப் பாக்குறதுமா இருக்கீங்க, அதனால சொல்றேன். ஏறுறவங்க எல்லாருக்கும் இந்தக் கொழப்பம் வருது. போன வாரம் ஒரு அம்மா ஏறுச்சு. "ஏனுங்க, உங்க கடியாரத்துல ஒரு முள்ளுதான் இருக்குது, இன்னொண்ணு விழுந்துருச்சா"ன்னு கேட்டுச்சு. கடியாரம் இல்லீங்கம்மா, டீசல் பிரஷர் மீட்டருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தர்மபுரி வர்ற வரைக்கும் அந்தம்மா வாயே தொறக்கல.

கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க. ஆங், சரி. உங்க பஸ்ஸு இப்போதைக்குக் கெளம்பாதுங்க. நான் பாத்துட்டுத்தான் வந்தேன், அடியில ரெண்டு பேர் படுத்திருந்தாங்க. ஒருத்தன் படுத்திருந்தா கெளம்பிரும். ரெண்டு பேர் படுத்துட்டாங்கன்னா ஒருத்தனுக்கொருத்தன் யோசனை சொல்லிச் சொல்லியே சாயங்காலம் ஆயிரும். நீங்க தர்மபுரிதானே, நான் ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு பெங்களூரு போறேன். விட்டுட்டுப் போறேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. ஊரு சங்ககிரி. முப்பது வருசமா லாரிதான், இந்த வண்டி சொந்த வண்டி.

மீட்டரைக் கேட்டீங்களே. கேக்கலையா? சரி, பாத்தீங்க. பாத்தா கேட்ட மாதிரிதான். டேங்குல டீசல் எவ்வளவு கெடக்குதுன்னு காட்டுற முள்ளு வேற, அது இங்க எம்முன்னால இருக்குது. இது அதில்லை. டேங்குல இருந்து ஒரு சின்ன பம்ப் டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாத் தள்ளி, இஞ்சினுக்கு அனுப்புது இல்லீங்களா. எந்த அழுத்தத்துல தள்ளுதுன்னு கிலோக் கணக்குல காட்டுறது இது. மனுசனுக்குப் பிரஷர் பாக்குற மாதிரி. அழுத்தம் இருந்தாத்தான் மேடு ஏறும். இந்தச் சுத்துவட்டாரத்துல பத்து வண்டியில பாத்தீங்கன்னா ஒரு வண்டியிலகூட இது இருக்காது. ஏன் இல்லைன்னு கேட்டா வேண்டியதில்லைம்பானுங்க. தெரியாதவனுக்கு எதுதான் வேணும்?

வண்டிக்கு நோவு வந்தது மாசி மாசம். தொப்பூர் மேடு இருக்குது பாருங்க, இப்ப நாம ஏறப் போறது, அதுல பாதிக்கு மேல வந்தா மூச்சு வாங்க ஆரம்பிச்சுரும். மிதிச்சா உறுமும், நகராது. அப்புறம் பொசுக்குன்னு நின்னுரும். ஓரமா வுட்டு ஒரு கால் மணி நேரம் உக்காந்துட்டு சாவியத் திருப்புனா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவும். அதுதான் எனக்குக் கோவம். ரிப்பேர்னா ரிப்பேரா இருக்கணும். இது என்னமோ வேலைக்கு வந்த இடத்துல வெத்தலை போட ஒதுங்குற ஆளு மாதிரி ஒதுங்குது. மூணு தடவை நின்னுச்சு. லோடு குடுக்குற மில்லுக்காரர், "நாச்சிமுத்து, இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்"னு நேராவே சொல்லிட்டார்.

அப்ப எங்கூட ரெண்டாவது டிரைவரா இருந்தது மாரப்பன். எம்பொண்டாட்டி பாவாயியோட தம்பி. பதினோரு வருசம் எங்கூடத்தான் ஓட்டுனான். நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான் அவன் சீட்டு. பேச்சு கம்மி. நல்லவன், ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? முத நாள் வண்டி நின்னப்பவே, "மச்சான், டேங்க்கை எறக்கிக் கழுவிப் பாத்துரலாமுங்க. உள்ள என்னமோ கெடக்குது"ன்னான்.

சொன்னான். நான் இல்லைங்கல. ஆனா சொன்ன விதம் சரியில்லீங்க. வாயில சோத்தை வெச்சுக்கிட்டுச் சொன்னான். ஒரு வண்டியோட உசுரு சம்பந்தப்பட்ட விசயத்தை ரசஞ்சோறு தின்னுட்டே சொன்னா எவன் நம்புவான்? அதுவுமில்லாம டேங்க்கைக் கழுவுறதெல்லாம் ஒரு வைத்தியமாங்க? அது குண்டான் கழுவுற மாதிரி.

நேரா மெக்கானிக் அய்யாவுகிட்டப் போனேன். அங்க அஞ்சாறு டிரைவருங்க நின்னுட்டிருந்தாங்க. அய்யாவு வந்து பாத்துட்டு, "டீசல் பிரஷர் என்ன நிக்குது?"ன்னு கேட்டான்.

எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். யாருக்குமே தெரியாதுங்களே அது. ஆனா அத்தனை பேரு முன்னால கேட்டுட்டான். "மூணு கிலோ"ன்னுட்டேன்.

அய்யாவு கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சான். "மூணா? இந்த வண்டிக்கு ஒண்ணரை நின்னாலே நல்ல பம்ப்புன்னு சொல்லுவோம்."

"மத்த வண்டியில ஒண்ணரை நிக்கும். நான் வண்டியை வெச்சுக்கற விதம் வேற"ன்னேன்.

"எதுல பாத்தீங்க?"

"மீட்டர்லதான்."

"மீட்டர் எங்க?"

"வீட்டுல இருக்குது."

சார், இது நடந்து நான் வீடு போயிச் சேர்றதுக்குள்ள சங்ககிரி பூராவும் தெரிஞ்சுருச்சு. பாவாயி வாசல்லயே நின்னா. "ஏனுங்க, வீட்டுல ஏதோ மீட்டர் இருக்குதுன்னு சொன்னீங்களாமா, எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா. அவளுக்கு வேற வேலை இல்லைன்னு நெனைச்சுக்கிட்டு, அடுத்த நாள் காலையில சேலத்துக்குப் பஸ் ஏறிட்டேன்.

ரோட்டைப் பாத்துட்டுத்தான் இருக்கேனுங்க, பயப்படாதீங்க. பேசுறப்ப மொகத்தைப் பாத்துப் பேசுறது எம் பழக்கம்.

செவ்வாய்ப்பேட்டைக்குள்ள ஒரு மீட்டர் கடை. ரெஜினான்னு ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சு. புருசன் எங்க போயிட்டாருன்னு கேட்டேன். "கடை என்னுதுங்கண்ணா, என்ன வேணும்"னுச்சு. சரி, சொன்னேன். என்ன வண்டி, என்ன பிரஷர் வரும்னு கேட்டுச்சு. மூணு வரும்னேன். "மூணு வராதுங்கண்ணா"ன்னுச்சு. அய்யாவு அங்க வரைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டானோன்னு எனக்குச் சந்தேகம்.

அந்தப் பொண்ணு ரெண்டு மீட்டரை எடுத்து மேசை மேல வெச்சுச்சு. "இது ஒயர் மீட்டர். ஃபில்டர்கிட்ட ஒரு சின்ன சென்சார் உக்காந்துக்கும், கேபினுக்குள்ள வெறும் ஒயர்தான் வரும். இது பைப் மீட்டர். டீசலே பைப்புல ஏறி உள்ளார வந்து முள்ளைத் தள்ளும். பைப் கசிஞ்சுதுன்னா மடியிலதான் ஊத்தும். நீங்க ஒயரே வாங்கிக்குங்க."

நான் யோசிச்சேன். ஒயர் பொய் சொல்லும் சார். எவ்வளவோ தடவை எரியுற லைட்டை எரியலைன்னும், எரியாத லைட்டை எரியுதுன்னும் ஒயர் காட்டியிருக்குது. டீசலே நேருல வந்து சாட்சி சொல்றப்ப நடுவுல எதுக்கு ஒயரு? பைப்புதான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் அளவு. "நாலு கிலோ வரைக்கும் காட்டுறதை எடுத்துக்குங்க. ஒண்ணரை நின்னா முள்ளு நடுவாப்புல நிக்கும், ஏறுனா எறங்குனா நல்லாத் தெரியும்"னுச்சு. மேல் தட்டுல சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒண்ணு இருந்துச்சு. பதினாறு கிலோ வரைக்கும் நம்பர் போட்டிருந்துச்சு. அது என்னன்னு கேட்டேன். "அது பாய்லருக்குப் போறதுங்கண்ணா"ன்னுச்சு. அதையே கட்டச் சொன்னேன். பதினாறு காட்டுறது மூணைக் காட்டாதா என்ன? வியாபாரி சின்னதைத் தள்ளிவிடப் பாத்தா நாம பெருசைத்தான் வாங்கணும். அது எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது. அவருகூட ஒருதடவை அப்படித்தான் எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் செருப்பு வாங்கிட்டு வந்தாரு.

மாரப்பன்தான் டேஷ்போர்டுல ஓட்டை போட்டான். தட்டு அகலத்துக்குப் பெரிய ஓட்டை. ஃபில்டருக்கு அந்தப் பக்கமா மூணு வாய் வெச்ச டி ஜாயிண்டு ஒண்ணு போட்டு, பைப்பை இழுத்து, மீட்டர்ல முறுக்குனான். இடையில காத்துப் புகுந்துருச்சு. கைப்பம்ப்பை அடிச்சு அடிச்சுக் காத்தை எடுக்கணும். முந்நூறு தடவை அடிச்சிருப்பான். நான்தான் எண்ணுனேன். ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம்.

ஸ்டார்ட் பண்ணேன். முள்ளு கொஞ்சூண்டு அசைஞ்சுது, அடியிலயே நின்னுக்கிச்சு. பதினாறுல ஒண்ணரைங்கறது எவ்வளவுங்க? ஒரு நூலு. வண்டி அவ்வளவுதான், செத்துருச்சுன்னு நெனைச்சேன். அன்னைக்குன்னு பாத்து வண்டி ஜம்முன்னு ஓடுது. மேட்டுல ஏறுது. ஆனா மீட்டர் செத்துருச்சுங்குதே. நான் மீட்டரை நம்புனேன். ஓசூர் போறதுக்குள்ள நாலு எடத்துல ஓரங்கட்டி வண்டிக்கு ஓய்வு குடுத்தேன். மாரப்பன், "நல்லாத்தான மச்சான் ஓடுது?"ன்னான். "அது உனக்குத் தெரியுது, மீட்டருக்குத் தெரியலையே"ன்னேன். மில்லுக்காரருக்கு அன்னைக்கும் லேட்டு.

திரும்பப் போயி நாலு கிலோ மீட்டரையே வாங்கிட்டு வந்தேன். அதுவும் பைப்புதான். ஒரு விசயத்துல எறங்கி வரலாம், ரெண்டுலயும் எறங்கக் கூடாது. ரெஜினா சின்னக் காகிதப் பொட்டலம் ஒண்ணைக் குடுத்து, "இது பித்தளை ஸ்குரூங்கண்ணா, நடுவுல ஊசி ஓட்டை இருக்கும். பைப்புக்கு முன்னால இதைப் போடுங்க. இல்லைன்னா பம்ப் அடிக்கற அடிக்கு முள்ளு ஆடும்"னுச்சு. இனாமாக் குடுக்குறதுல என்ன இருந்துறப் போவுதுன்னு பையில போட்டுக்கிட்டேன்.

இப்ப என்ன ஆச்சுன்னா, பெரிய மீட்டருக்குப் போட்ட ஓட்டையில சின்ன மீட்டர் நிக்கல. உள்ளாரயே விழுந்துருச்சு. அதைச் சுத்திப் பளபளன்னு ஒரு வட்டம் இருக்குது பாருங்க, அது எவர்சில்வரு. இட்லிப் பானை மூடி. நடுவுல ஓட்டை போட்டு நான்தான் மாட்டுனேன். அடுத்த நாள் காலையில பாவாயி மாவை ஊத்தி வெச்சுட்டு மூடியத் தேடியிருக்கா. தேடித் தேடிப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டா. "கொஞ்ச நாளைக்குத் தோசை சுடு"ன்னேன். கொஞ்ச நாள்னு சொன்னது அஞ்சு மாசம் ஆச்சு.

மீட்டர் மாரப்பன் பக்கமா இருந்ததால படிக்கற வேலை அவனுக்கு வந்துருச்சு. நான் ஓட்டுறப்ப அவன் சத்தமாச் சொல்லிட்டே வரணும். ஒண்ணு. ஒண்ணரை. ரெண்டு. மறுபடி ஒண்ணு. அந்தப் பித்தளை ஸ்குரூவை நான் போடலீங்களா, முள்ளு குளுரு சொரம் வந்த மாதிரி ஆடுச்சு. அரைக்கும் மூணுக்கும் நடுவுல நிக்காம ஆடும். ஆனா மூணைத் தொட்டுச்சு சார். தொட்டுச்சா இல்லையா? அய்யாவுவைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். "அரையையும்தான் தொடுது"ன்னான். நல்லதைப் பாக்கத் தெரியாத மனுசன்.

மாரப்பன் ரெண்டு நாள் பாத்தான். மூணாவது நாள் நான் டீ குடிக்கப் போன நேரத்துல, எம் பையில இருந்து அந்த ஸ்குரூவை எடுத்து மாட்டிட்டான். வந்து பாக்கறேன், முள்ளு ஒண்ணரையில ஆடாம அசையாம நிக்குது. "முள்ளை என்னடா பண்ணுனே?"ன்னேன்.

"இதுதானுங்க மச்சான் சரியான அளவு. இப்ப நீங்களே படிக்கலாம். நான் தூங்கட்டுங்களா?"

அவனுக்குத் தூக்கம்தான் பெருசு. நான் அன்னைக்கே அந்த ஸ்குரூவைக் கழட்டி ஜன்னல் வழியா வீசிட்டேன். முள்ளு மறுபடி ஆடுச்சு. மூணைத் தொட்டுச்சு. அப்புறம் நாலு நாள் கழிச்சு மாரப்பன், "இந்த ஆட்டத்துல பைப் நட்டு லூசாவுதுங்க, லேசா ஈரம் தெரியுது"ன்னான். அவன் எதையாவது ஒண்ணைச் சொல்லிக்கிட்டே இருப்பான்.

இப்பத்தான் சார் முக்கியமான விசயத்துக்கு வர்றேன்.

மாரப்பனுக்கு முப்பத்தி நாலு வயசு. பொண்ணு அமையல. லாரி டிரைவருக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க. இவன் வேற, பொண்ணு பாக்கப் போன எடத்துல வாயே தொறக்க மாட்டான். ஆறு எடம் போயிட்டு வந்தாச்சு. ஒரு எடத்துல, "பையனுக்குப் பேச்சு வருமா"ன்னு பாவாயிகிட்டத் தனியாக் கூப்புட்டுக் கேட்டாங்க. ஏழாவதா நல்லம்பள்ளியில ஒரு எடம் வந்துச்சு. பொண்ணு பேரு பரிமளம். அவங்கப்பாவுக்கு இஞ்சின், மோட்டார் ரிப்பேர் கடை. பாவாயிக்கு ரொம்ப ஆசை. "இதுவும் போச்சுன்னா இனி எந்தம்பிக்கு இல்லீங்க"ன்னு அழுதுட்டா.

பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை, பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள வரச் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு எனக்கு பெங்களூரு லோடு. போற வழிதானேன்னு லாரியிலயே கெளம்பிட்டோம். மாரப்பன் புது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பாவாயி நடுவுல, பட்டுச் சேலை, மடியில பூவும் பழமும். மாரப்பன் அவன் சீட்டுல, மீட்டருக்கு நேரா.

இந்த மேட்டுலதான். இதே மேட்டுல பாதி ஏறுறோம், மாரப்பன் படிக்கிறான். ஒண்ணரை. ஒண்ணு. அரை. "மச்சான், எறங்குதுங்க"ன்னான். எனக்குச் சந்தோசம் தாங்கல. வண்டி நிக்கப் போவுதுங்கறதை நிக்கறதுக்கு முன்னாலயே மீட்டர் சொல்லிருச்சு பாத்தீங்களா. பாவாயிகிட்டச் சொன்னேன், "பாத்தியா, இதுக்குத்தான் மீட்டர் வேணும்கறது." அவ, "வண்டி போவுமா போவாதா, அதைச் சொல்லுங்க"ன்னா.

ஓரங்கட்டுனேன். இஞ்சினை அணைக்கல, அணைச்சா முள்ளு எறங்கிரும். நட்டு லூசு, அதுலதான் பிரஷர் போவுதுன்னு எனக்குப் பட்டுச்சு. "முறுக்குடா"ன்னேன். வெள்ளை உடுத்தியிருக்கேன், மாட்டேன்னான். சரின்னு நானே பாவாயியைத் தாண்டிக் குனிஞ்சு, டேஷ்போர்டுக்குப் பின்னால கைய வுட்டு, ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு.

பின்பக்கமாக் கைய வுடுறப்ப எது வலது எது இடதுன்னு யாருக்கும் கொழப்பம் வரும் சார். உங்களுக்கும் வரும்.

பைப் புடுங்கிக்கிச்சு. டீசல் பீய்ச்சி அடிச்சுது பாருங்க, நேரா மாரப்பன் நெஞ்சுல. சட்டை, வேட்டி, மீசை, ஒண்ணு பாக்கியில்லை. நான் பைப்பைப் புடிக்கப் போனேன், புடிச்சதும் அது அவன் மொகத்துக்குத் திரும்பிருச்சு. அப்புறம் வண்டி தானா நின்னுருச்சு. டீசல் சொட்டுறது மட்டும் கேக்குது.

மாரப்பன் கதவைத் தொறந்து எறங்குனான். பைப்பைக் கழட்டிட்டு டி ஜாயிண்டுல ஒரு போல்ட்டைப் போட்டு அடைச்சான். நேரா டேங்க்கிட்டப் போனான். மூடியைத் தொறந்தான். ஒரு கம்பியை வளைச்சு உள்ளார வுட்டான். வுட்டு, கிணத்துல வாளி எடுக்கற மாதிரி தொழாவுனான். ஒரு நிமிசம் இருக்கும். கம்பியை இழுத்தான், கனமா என்னமோ வருது. வந்துச்சு. துண்டு.

பச்சைக் கரை போட்ட தோள் துண்டு. டீசல்ல ஊறிக் கருத்துப் போயிருந்துச்சு. அதுதான் உள்ளாரக் கெடந்து, பம்ப் உறிஞ்சுறப்ப வந்து குழாய் வாயை அடைச்சுக்கறதும், இஞ்சின் நின்னா வெலகிக்கறதுமா இருந்திருக்குது. நல்லா யோசிச்சுத்தான் எவனோ போட்டிருக்கான்.

மாரப்பன் அதைப் புழிஞ்சு பாவாயிகிட்டக் காட்டுனான். அவ மூலையைத் திருப்பிப் பாத்தா. வண்ணான் குறி, 'நா'ன்னு போட்டிருந்துச்சு. "ஏனுங்க, இது உங்க துண்டுதானே?"

நா-வுல ஆரம்பிக்கற பேரு ஊருல எத்தனை இருக்குது சார். நாகப்பன், நாராயணன், நாகராசு. நான் அதைத்தான் சொன்னேன். மாரப்பன் அப்பத்தான் வாயத் தொறந்தான். "மார்கழியில டேங்க் மூடி தொலைஞ்சு போச்சே மச்சான், புது மூடி வாங்குற வரைக்கும் எதை வெச்சு அடைச்சு வெச்சிருந்தீங்க?"

துண்டை வெச்சுத்தான் அடைச்சேன். ஆனா நான் புது மூடி வாங்கிட்டு வந்து பாக்கறப்ப துண்டு இல்லை. எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னுதான் நெனைச்சேன். உள்ளார விழுந்திருந்தா டேங்க் வாயில இருக்கற சல்லடை புடிச்சிருக்குமேன்னு கேக்கலாம். சல்லடையை நான் போன வருசமே கழட்டிட்டேன். அது இருந்தா டீசல் மெதுவா எறங்குது.

பாவாயி துண்டைக் கையில வெச்சுக்கிட்டு, "ஒரு துண்டைத் தேடுறதுக்கு ரெண்டு மீட்டர் வாங்குன ஆளு நீங்க ஒருத்தருதான்"னா. மாரப்பனைக் கைப்பம்ப்பை அடிச்சுக் காத்தை எடுக்கச் சொன்னேன். நேரம் ஆயிட்டிருந்துச்சு.

வண்டி அதுக்கப்புறம் பறந்துச்சு சார். பதினொண்ணே முக்காலுக்கு நல்லம்பள்ளி. மாரப்பன் வரமாட்டேன்னுட்டான். இந்தக் கோலத்துல எப்புடி வர்றதுன்னு வண்டியிலயே உக்காந்துட்டான். பாவாயி போயிக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. நடையில ஏறுறோம், எங்களுக்கு முன்னால வாசம் உள்ளாரப் போயிருச்சு. பாய் போட்டிருந்தாங்க, அவன் உக்காரல, கறை ஆயிரும்னு ஓரமா நின்னான். சொந்தக்காரங்க எல்லாம் மூக்குல முந்தானையை வெச்சுக்கிட்டாங்க. போச்சு, ஏழாவதும் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு.

பொண்ணு காப்பித் தட்டோட வந்துச்சு. வந்து, இவன் முன்னால நின்னு, ஒரு தடவை மோந்து பாத்துட்டு, "ஃபில்டருக்கு முன்னாலயா, பின்னாலயா?"ன்னு கேட்டுச்சு.

அப்பன் கடையில தெனமும் உக்காந்து இஞ்சின் வேலை பாக்குற பொண்ணு போல. எங்களுக்கு யாரு அதைச் சொன்னா? மாரப்பன் நிமிந்து பாத்தான். "பின்னாலங்க. மீட்டர் பைப்பு"ன்னான்.

"ஊசி ஓட்டை ஸ்குரூ போடலீங்களா?"

"போட்டேனுங்க. கழட்டி வீசிட்டாங்க."

அவ்வளவுதான் சார். ஆறு எடத்துல வாயத் தொறக்காதவன், அன்னைக்கு மடை தொறந்த மாதிரி பேசுனான். பதினாறு கிலோ மீட்டர், இட்லிப் பானை மூடி, முந்நூறு தடவை பம்ப் அடிச்சது, அவன் சத்தமாப் படிச்சுட்டே வந்தது, எல்லாத்தையும் சொன்னான். பொண்ணு சிரிச்சுச் சிரிச்சுக் காப்பித் தட்டைக் கீழ வெச்சுருச்சு. கண்ணுல தண்ணி. அவங்கப்பா சுவத்தைப் புடிச்சுக்கிட்டாரு. கடைசியில அந்தப் பொண்ணு, "துண்டு யாரோடதுங்க?"ன்னு கேட்டுச்சு.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் காலண்டரைப் பாத்தேன்.

வைகாசியில கல்யாணம். நீங்களே சொல்லுங்க, இந்தக் கல்யாணம் யாரால நடந்துச்சு? நான் மீட்டர் வெக்கலைன்னா டீசல் அடிச்சிருக்குமா? டீசல் அடிக்கலைன்னா அவன் பேசியிருப்பானா? ஆனா ஒருத்தர் வாயில இருந்து ஒரு நன்றி வரல. பத்திரிகையில எம் பேரை மூக்குக் கண்ணாடி போட்டாத் தெரியற அளவுக்குப் போட்டாங்க. பந்தியில உக்காந்தா எதுத்தாப்புல இருந்தவரு, "நீங்கதானுங்களா அந்தத் துண்டுக்காரரு"ன்னாரு.

கல்யாணம் முடிஞ்சு பத்து நாள்ல மாரப்பன் வந்து நின்னான். "மச்சான், மாமனாரு கடையிலயே இருந்துக்கச் சொல்றாருங்க"ன்னான். இருந்துக்கன்னேன். பதினோரு வருசம். நான் என்ன கையப் புடிச்சா நிறுத்த முடியும்? கண்ணாலம் ஆனவன், ராத்திரி வீட்டுல இருக்கணும்னு நெனைக்கறது நியாயம்தானே. இருந்துக்கப்பான்னு சொல்லிட்டு வண்டி கழுவப் போயிட்டேன். அன்னைக்கு வண்டியை ரெண்டு தடவை கழுவுனேன்.

ஆனா போறதுக்கு முன்னால ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போனான். மீட்டர் கண்ணாடியைக் கழட்டி, உள்ளார ஏதோ சரி பண்ணி, திரும்ப மாட்டிக் குடுத்தான். அன்னையில இருந்து முள்ளு பாருங்க, ஆடுறதே இல்லை. மூணு. மேட்டுலயும் மூணு, எறக்கத்துலயும் மூணு. இஞ்சினை அணைச்சாலும் மூணு. பைப்புகூட இல்லை இப்ப, அதை அவன் அன்னைக்குக் கழட்டுனது, திரும்ப மாட்டவே இல்லை. பைப் இல்லாமலே வேலை செய்யுது. அய்யாவு வந்து பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். ஒண்ணும் பேசாமப் போயிட்டான். என்ன பேசுவான் பாவம்.

ஆங், மேடு ஏறிட்டோம் பாத்தீங்களா. பேச்சுல தெரியல.

தனியா ஓட்டுறதுல ஒரு கஷ்டமும் இல்லீங்க. புதுசா ரெண்டு பேரு வந்தானுங்க, ஒருத்தன் நாலு நாளு, இன்னொருத்தன் ஒரு நாளு. மீட்டரைப் படிக்க மாட்டேன்னானுங்க. எதுக்குப் படிக்கணும், மூணுதானேன்னானுங்க. அது எனக்குத் தெரியாதா. சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்கறதுக்காகத்தான் படிக்கச் சொல்றது. வழியில யாராச்சும் நின்னா ஏத்திக்குவேன். உங்களை ஏத்தலையா, அந்த மாதிரி.

முந்தாநாள் போன் அடிச்சான் மாரப்பன். அவன் பாட்டுக்கு மழை எப்படி, அக்கா எப்படின்னு கேட்டான். அப்புறம், "மச்சான், ஞாயித்துக்கெழமை கடை லீவுங்க. பெங்களூரு வரைக்கும் நான் வரட்டுங்களா? சும்மாத்தானுங்க"ன்னான். வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு கேட்டேன். பரிமளம்தான் போயிட்டு வரச் சொல்லுச்சாம். இவன் கடையில உக்காந்துக்கிட்டு ரோட்டுல போற லாரியையே பாத்துட்டு இருக்கானாம். நான் ஒண்ணும் வழியலீங்க. "வேணும்னா வா, எனக்கென்ன"ன்னு சொல்லி வெச்சுட்டேன். இன்னைக்குக் காலையில நாலு மணிக்கே எந்திரிச்சு வண்டியைத் தொடச்சேன், அது வேற விசயம், தூசியா இருந்துச்சு.

நல்லம்பள்ளி வந்துருச்சு. அந்த வேப்ப மரத்துக்கிட்ட நிக்கறேன்னான். அதோ, நிக்கறான் பாருங்க. பழைய லுங்கி, பழைய சட்டை. வெள்ளை உடுத்திக்கிட்டு இந்த வண்டியில ஏற மாட்டான் இனிமேலு. பரிமளமும் வந்து நிக்குது, கையில தூக்குப் போசி. ரெண்டு பேருக்குச் சோறு இருக்கும், மூணு பேருக்கும் பத்தும், நீங்களும் ஒரு வாய் சாப்புட்டுப் போங்க.

சார், தப்பா எடுத்துக்காதீங்க. சித்தெ நடுவுல தள்ளி உக்காந்துக்குங்க. அந்த எடம் அவனுது.